செல்போனை உள்ளே வைங்க பாஸ்!

ஆவடி, பூந்தமல்லி ஏரியாவா நீங்க? திருவள்ளூர் பக்கம் பஸ்ஸுல போறப்போ, இருளர் குடியிருப்புகளைக் கடந்திருப்பீங்க. மாசி பௌர்ணமி வந்தா அவங்க மூட்டை முடிச்சோட மாமல்லபுரம் கடற்கரைக்குக் கிளம்பிடுவாங்க. புடவையைக் கட்டிக் கூடாரம், கன்னியம்மனுக்கு மணலில் ஏழு படி, விடிஞ்சதும் அங்கேயே கல்யாணம்! கோபுரமெல்லாம் கிடையாது.

பழங்குடிகள் தங்கள் வழிபாட்டு இடத்தில் பிறர் தொந்தரவின்றி இருக்க உரிமை உண்டு என்கிறது, 2007-ல் ஐ.நா. நிறைவேற்றிய பிரகடனத்தின் 12-வது பிரிவு. இந்தியாவும் ஆதரிச்சு ஓட்டுப் போட்டது... 'இந்தியர் எல்லாருமே பூர்வகுடிகள்தான்' என்ற விளக்கத்தோடு (சாமர்த்தியம்!). பிரகடனம் என்பதால் யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது.

தாலி கட்டுற நேரத்துல குறுக்கே செல்போனை நீட்டுற நம்மளையும்தான். அவசியம் போங்க. படம் எடுக்குறதுக்கு முன்னாடி, 'எடுக்கலாமாண்ணே?'னு கேளுங்க. வேணாம்னு தலையாட்டினா, செல்லு பாக்கெட்டுக்குள்ள!