முட்டை பொறுக்குகிற கை

கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் போய் "கில்லி இருக்கா?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே மீனைத்தான் காட்டுவார்கள். மஞ்சள் உடம்பு, மேல்நோக்கிய வாய், மேல்மட்டத்தை விட்டு இறங்காத குணம். கோல்டன் வொண்டர் என்பது வியாபாரப் பெயர். அப்லோகைலஸ் லினியேட்டஸ் என்ற நம் ஓடை மீனில் தங்க நிறம் காட்டியவற்றைத் தொட்டியில் பொறுக்கிப் பெருக்கிய வகை அது. நைஜீரியா, கேமரூன் பக்கத்துக் கார்ட்னரி, கபோனின் ஆஸ்ட்ரேல், சான்சிபாரின் குந்தெரி என்று ஆப்பிரிக்கக் கில்லிகளின் பேரைச் சொன்னால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். நிறத்தில் இவை எந்த ஃபைட்டர் மீனுக்கும் இளைத்தவை அல்ல. "கட்டாது சார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார் மொத்த வியாபாரி ஒருவர். அவர் ஆட்கள் கப்பிகளை ஆக்சிஜன் பாக்கெட்டில் அடைத்து ரப்பர் பேண்ட் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு சுற்று, ஒரு இழுப்பு, அடுத்த பாக்கெட். அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கிற சரக்குதான் அவருக்குக் கட்டும்.

ஏன் கட்டாது என்பது அம்பத்தூர் பக்கம் ஒரு மொட்டைமாடியில்தான் விளங்கியது. பச்சை ஷேடு நெட்டுக்குக் கீழே தெர்மகோல் பெட்டிகளும் சின்னக் கண்ணாடித் தொட்டிகளுமாக இருந்தன. கொளத்தூரில் பார்க்கிற வரிசை ஒழுங்கு எதுவும் இல்லை. ஒவ்வொரு பெட்டி மேலும் மார்க்கரில் எழுதிய ஒரு சீட்டு: மீன் பெயர், அது முதலில் பிடிக்கப்பட்ட ஊர், பொரித்த தேதி. வீட்டுக்கார அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். உதவிக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண் காலையில் வந்து போகிறார்.

அந்தப் பெண்ணின் வேலையைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டிக்குள் கரும்பச்சைக் கம்பளி நூலை முடிந்து, தக்கையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். மாப் என்று பெயர். சாயம் போகும்வரை நூலைக் கொதிக்க வைத்த பிறகுதான் உள்ளே விடுவார்களாம். ஆண் மீன் பெட்டையை அந்த நூலோடு நெருக்கி அணைக்கும். முட்டை ஒவ்வொன்றாக நூலில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெண் மாப்பை வெளியே எடுத்து, கைக்குள் வைத்து நன்றாகவே பிழிந்தார். எனக்குப் பகீரென்றது.

"முட்டை நசுங்கிடாதா?"

"கையில உடையுற முட்டை முன்னாடியே செத்த முட்டை, தம்பி" என்று பதில் சொன்னவர் அக்கா.

பிறகு நூலை இழை இழையாகப் பிரித்து வெளிச்சத்தில் காட்டித் தடவிக்கொண்டே போனார் அந்தப் பெண். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான, உள்ளே வெளிச்சம் ஊடுருவுகிற ஒரு உருண்டை விரல் நுனிக்கு வந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அதை உருட்டிப் பார்த்துவிட்டு டப்பாத் தண்ணீரில் விட்டார். அடுத்த இழையில் ஒன்றுமில்லை. அதற்கடுத்ததில் வெள்ளையாக ஒன்று. அதைத் தரையில் தட்டிவிட்டார். இரண்டு பெட்டை ஒரு ஆண் இருந்த தொட்டி அது. மாப் முழுவதும் தேடி முடித்தபோது டப்பாவில் சேர்ந்த முட்டைகளை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

இதுதான் கணக்கு. கோல்டு ஃபிஷ் ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கில் முட்டையிட்டுவிடும். கப்பி மாதாமாதம் குட்டியாகவே போட்டுக் கொடுத்துவிடும். தாயைத் தனியே எடுத்தால் போதும். கார்ட்னரி மாதிரியான கில்லி தினம் கொஞ்சம், தினம் கொஞ்சம் என்றுதான் இடும். நாலு நாள் விட்டுப் பார்த்தால் பாதியைப் பெற்றோரே தின்றிருக்கும். ஆகவே யாராவது உட்கார்ந்து நூலைப் பிரித்தாக வேண்டும். ஒரு ஜோடிக்குச் சொல்லும் விலையைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் ஒரு காலை நேரம் அந்த மாடியில் உட்கார்ந்து பார்க்கலாம். "நாலு வீட்டுல பாத்திரம் தேய்க்கிறதுக்கு இது தேவலைண்ணா. கண்ணுதான் போயிடும்" என்றார் அந்தப் பெண், இழையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பொறுக்கிய முட்டைக்கு மெத்திலீன் புளூ ஒரு சொட்டு, பூஞ்சை பிடிக்காமலிருக்க. இரண்டு மூன்று வாரத்தில் முட்டைக்குள் கண் தெரியும், பொரியும். சென்னை வெயில்தான் இதில் பெரிய தலைவலி. ஆப்பிரிக்கக் காட்டோடைகளின் நிழலில் வாழும் ஆஸ்ட்ரேல் போன்றவற்றுக்கு 21 முதல் 24 டிகிரி வரைதான் சுகம். அக்னி நட்சத்திரத்தில் பெட்டிகள் எல்லாம் கீழே ஹாலுக்கு இறங்கிவிடுகின்றன. சுற்றிலும் ஈரச் சாக்கு, மேலே மின்விசிறி. "அப்ப எங்களுக்குத்தான் தூங்க இடம் இருக்காது." அந்த மாதங்களில் முட்டை குறைவு, விற்பனை இல்லை.

குந்தெரியின் கதை வேறு. சான்சிபாரில் மழைக்குத் தேங்கி, கோடையில் வற்றிவிடும் குட்டைகளின் மீன் அது. குட்டை காய்ந்தால் பெற்றோர் செத்துப்போகும். முட்டை மட்டும் சேற்றுக்குள் வளர்ச்சியை நிறுத்திவைத்து அடுத்த மழைக்குக் காத்துக் கிடக்கும். இதே நோத்தோபிராங்கியஸ் பேரினத்தின் ஃபுர்செரி, ஜிம்பாப்வேயின் கொனரெஜூ பகுதியில் பிடிக்கப்பட்டு 1971இல் அறிவியல் பெயர் பெற்றது. அதில் ஒரு வகை சில மாதங்களிலேயே கிழடு தட்டி இறந்துவிடுவதால், முதுமையை ஆராயும் கூடங்களுக்குச் செல்லப்பிள்ளை ஆகிவிட்டது. 2015இல் அதன் மரபணுத் தொகுப்பையும் படித்துவிட்டார்கள்.

மாடியில் அந்தக் குட்டையை ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் செய்து வைத்திருக்கிறார் அக்கா. மூடியில் ஓட்டை, உள்ளே பலமுறை கொதிக்க வைத்துச் சாயம் போக்கிய தென்னை நார்த்தூள். மேல்நாட்டில் பீட் என்ற கரிச்சேற்றுப் பாசியைப் போடுவார்கள். நமக்குத் தேங்காய் இருக்கிறது. ஜோடி அதற்குள் முங்கி முட்டையிடும். வாரம் ஒருமுறை தூளை வலையில் பிழிந்து, செய்தித்தாளில் பரப்பி உலர்த்துகிறார். எவ்வளவு உலர வேண்டும்? ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். புட்டு மாவின் பதம்: பிடித்தால் பிடியாகணும், தட்டினால் உதிரணும். அதற்கு மேல் ஈரம் இருந்தால் அழுகும், காய்ந்தால் முட்டை சுருங்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி, தேதி எழுதி, துணி அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிடுகிறார். குந்தெரிக்கு ஏறத்தாழ மூன்று மாதம். லென்ஸில் பார்த்து முட்டைக்குள் கண் வளையம் பளிச்சென்று தெரிந்தால், குளிர்ந்த தண்ணீரைச் சில சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்ற வேண்டும். சில மணி நேரத்தில் குஞ்சுகள் நீந்தும். எல்லாம் ஒரே தடவையில் பொரியாது. முதல் தூறலை நம்பி எல்லா முட்டையும் பொரிந்து, மழை பொய்த்துவிட்டால் வம்சமே போய்விடும் அல்லவா? அதனால் மிச்சத்தைத் திரும்பவும் உலர்த்தி, மறுபடி நனைக்கிறார்கள். அவசரப்பட்டு நனைத்தால், பொரிந்த குஞ்சுகள் காற்றுப்பை நிரம்பாமல் தரையிலேயே வயிற்றால் ஊர்ந்து சாகும்.

தீனிக்கு ஆர்ட்டீமியா. அதுவும் உலர்ந்த முட்டையாகத் தூங்கி, உப்புத் தண்ணீரில் ஒரு நாளைக்குள் பொரிகிற ஜீவன். தூத்துக்குடி உப்பளங்களிலும் உண்டு. ஆனால் கடையில் டின்னில் வருவதில் பெரும்பங்கு அமெரிக்காவின் யூட்டா உப்பேரியிலிருந்து. விலை அதிகம். சாக்கடைக் கால்வாயில் இறங்கி ஆட்கள் அள்ளிவரும் டியூபிஃபெக்ஸ் புழு மலிவுதான், அக்கா தொடுவதில்லை: நோயைக் கையோடு கூட்டிவரும். பெரிய மீன்களுக்குக் கொசுப்புழுவைவிட நல்ல தீனி இல்லை. அதைத் தொட்டியில் வளர்த்தால் மாநகராட்சி ஆட்கள் வந்து கேள்வி கேட்பார்கள். வாளிக்கு வலை கட்டி, கொசுவாக மாறுவதற்குள் வடிகட்டி எடுத்துவிடுகிறார்.

கொசுப்புழு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கொசுவை ஒழிக்கவென்று 1928இல் இத்தாலியிலிருந்து கம்பூசியா மீனை வரவழைத்து நம் குளங்களில் விட்டோம். அது உள்ளூர்ச் சிறுமீன்களின் குஞ்சுகளையும் சேர்த்துத் தின்கிறது. அதே வேலையைச் செய்யும் நம் அப்லோகைலஸ் கில்லிகள் வயல் வாய்க்காலிலேயே இருந்தன. கோவாவில் மலேரியாவைக் கட்டுப்படுத்த அப்லோகைலஸ் பிளாக்கி என்ற குட்டிக் கில்லியைத் தொட்டிகளில் விட்டுப் பலன் கண்டது தொண்ணூறுகளில்தான். புதிதாகக் கில்லி வளர்க்கத் தொடங்குகிறவர் இந்த லினியேட்டஸிலோ பிளாக்கியிலோ தொடங்குவதே சரி என்பது என் கட்சி. நம் வெயில் இவற்றுக்குப் புதிதல்ல. மிதக்கும் செடியின் வேரிலும் முட்டையிடும். பன்னிரண்டு பதினாலு நாளில் பொரியும். ஒன்றே ஒன்று, வாய் பெரிது. அதில் அடங்குகிற மீன் எதையும் கூட விடக்கூடாது.

அக்கா என் கட்சி அல்ல. "கார்ட்னரி எடுத்துக்கோ தம்பி, அது தாங்கும்" என்றார். கூரியரில் வரும் முட்டைப் பையை முதலில் வாங்காதே, ஈரப் பதமும் தெரியாது, பொரித்தாலும் தீனி தயாராக இருக்காது என்பது அவர் முதல் புத்தி. பளபளவென்று நிற்கும் வளர்ந்த ஜோடியையும் வாங்காதே என்பது அடுத்தது. நோத்தோ என்றால் அந்த ஜோடிக்கு ஆயுள் எவ்வளவு மிச்சமோ. பாதி வளர்ந்த குஞ்சுகளாக ஆறு வாங்கினால் ஆணும் பெண்ணும் கலந்து அமையும். பொரித்த தேதியையும் ஊர்ப் பெயரையும் கேட்காமல் காசு கொடுக்கக் கூடாது. இரண்டு ஊர்க் கார்ட்னரியை ஒரே தொட்டியில் விட்டால் பெட்டைகளைப் பிரித்தறிய யாராலும் முடியாது. அதற்குப் பிறகு அந்தச் சீட்டுக்கு அர்த்தமில்லை.

ஆறு குஞ்சுகளைப் பாக்கெட்டில் அடைத்துத் தெர்மகோல் பெட்டியில் வைத்தார்.

"தொட்டிக்கு மூடி இருக்கா?"

"கண்ணாடி மூடி இருக்குக்கா."

"ஏர் டியூப் உள்ள போறதுக்கு ஓட்டை விட்டிருப்பீங்களே, அது?"

இருக்கிறது என்றேன். பழைய ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டைக் கிள்ளிப் பெட்டிக்குள் போட்டார். "இதை வெச்சு அடைச்சிட்டு அப்புறமா மீனை விடுங்க. இந்த ஜாதி அந்த ஓட்டையைத்தான் முதல்ல கண்டுபிடிக்கும்."