வேலியும் வெட்டவெளியும்

சென்ற கோடை விடுமுறையில், நாம் பிறந்து வளர்ந்த சேரம்பாடிக்குப் போயிருந்தோம். நீலகிரியின் மேற்கு மூலையில், கேரள எல்லையை ஒட்டினாற்போல் இருக்கும் தேயிலை ஊர் அது. எங்கு நோக்கினும் பச்சைப் பாய் விரித்த மலைச்சரிவுகள். நம் சகோதரியின் புதல்வனோ, மூன்று நாட்களாக ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விடியோ விளையாட்டில் ஆழ்ந்திருந்தான்.

"அப்பனே, இத்தனை மலையை விட்டுவிட்டுப் பெட்டிக்குள் என்ன தேடுகிறாய்?" என்று கேட்டோம்.

"இது ஓபன் வேர்ல்டு, மாமா! இஷ்டப்பட்ட இடத்துக்குப் போகலாம். லெவல் லெவலாகப் போகிற விளையாட்டெல்லாம் மட்டம்" என்றான்.

அவன் தயவால் விஷயம் விளங்கிற்று. 1985-ல் ஜப்பானில் வெளியான 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' கட்டம் கட்டமாக அமைந்த விளையாட்டு. மொத்தம் 32 கட்டங்கள். திரை முன்னேதான் நகரும், கடந்த இடத்துக்குத் திரும்ப முடியாது. மறு வருஷமே வந்த 'தி லெஜண்ட் ஆப் செல்டா'வில் எத்திசையிலும் திரியலாம். வேடிக்கை என்னவென்றால், இரண்டிலும் முக்கியமாகக் கைவைத்தவர் ஷிகேரு மியாமோட்டோ என்ற ஒருவரே!

மருமானின் தீர்ப்பை நாம் ஒப்பவில்லை. டொராண்டோவில் உருவாகி 2023-ல் வெளிவந்த 'வெண்பா' என்னும் விளையாட்டை நாம் ஆடியிருக்கிறோம். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை அது. பெரும்பகுதியும் சமையலறையில்தான், பாதி அழிந்த சமையல் குறிப்பைப் பார்த்து இட்லி வார்க்க வேண்டும். ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் இடையில் வருஷங்கள் ஓடிவிடும். மகன் தாயைவிட்டு விலகிக்கொண்டே போவான். அந்தக் கட்டங்கள் இல்லாவிடில் அந்தப் பிரிவு நம் நெஞ்சில் தைத்திராது. விஸ்தாரம் மட்டுமே சுதந்திரமாகிவிடாது. தேடிப் போனால் ஏதேனும் கிடைக்கவும் வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, "சரி, வெளியே போய்த் திரிவதுதானே?" என்றோம்.

"அம்மா விடமாட்டாள். யானை வரும்."

நமக்கு வாய் அடைத்துப் போயிற்று. சிறு பிராயத்தில் நாம் ஓடை ஓடையாக அலைந்த ஊர் இது. அப்போதும் யானைகள் இருந்தன. இன்று தோட்டமும் சாலையும் வேலியுமாகக் காடு துண்டுபட்டு, யானைக்கும் கட்டம், பிள்ளைக்கும் கட்டம் என்றாகிவிட்டது. மியாமோட்டோ சிறு வயதில் கியோட்டோவுக்கு அருகில் காட்டிலும் குகையிலும் திரிந்த அனுபவமே 'செல்டா'வுக்கு வித்து என்பார்கள். வாசலைத் தாண்டாத நம் குழந்தைகள் நாளைக்கு எந்த நினைவைக்கொண்டு எதைப் படைப்பார்கள்?

மறுநாள் வெயில் ஏறியதும், தோட்டத்தில் வேலை செய்யும் அண்ணன் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். ஒற்றையடிப் பாதை ஒன்று பிரிந்தது.

"அங்கே என்ன இருக்கிறது, மாமா?"

"மறந்துவிட்டது. போய்த்தான் பார்ப்போமே!"

ஒரு சுனையைக் கண்டோம். காலில் ஆளுக்கு இரண்டு அட்டைகளுடன் திரும்பினோம். அன்று மாலை வரையில் மருமான் பெட்டியைத் திறக்கவில்லை.