தறிக்கு வேண்டாம், கண்ணுக்கு வேண்டும்!

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் ஒரு நெசவாளர் வீடு. கூடத்துக் குழித்தறியில் பாதி முடிந்த அரக்குப் புடவை.

"கைத்தறிக்கு மின்சாரம் எதற்கு?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

"தறிக்கு வேண்டாம் அம்மா, கண்ணுக்கு வேண்டுமே! கோர்வைக் கரையில் ஓர் இழை பிசகினாலும் தெரிந்துவிடும்" என்று சிரித்தாள் வீட்டு அம்மாள்.

2012-இல் சென்னையில் இரண்டு மணி நேர மின்வெட்டு என்றால், வெளி மாவட்டங்களில் பத்து மணிக்கும் மேல்! 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் கம்பங்களைச் சாய்த்தபோதோ, நாள் கணக்கில் இருட்டு. புடவை முடிந்தால்தான் கூலி. அந்த வாரம் தறி நின்றது. மகளின் பள்ளிக் கட்டணத்துக்காகத் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று.

இப்போது புயல் செய்தி வந்ததுமே அண்டா, குடமெல்லாம் நிரம்பிவிடுகின்றன. மோட்டார் ஓடாதே! மாவு முன்கூட்டியே அரைபடுகிறது. கைப்பேசியும் அவசர விளக்கும் சார்ஜ் ஏறுகின்றன. தீப்பெட்டி, மூடியுள்ள டப்பாவில். எரியும் விளக்குக்கு மட்டும் தறிப் பக்கம் இடமில்லை. பட்டுக்குப் புகையே பகை. மின்சாரம் போனால், விடியுமுன் சமையல் முடிந்து, வெளிச்சம் வந்ததும் தறியில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

"தோட்டை மீட்டாயிற்றா?" என்றேன்.

காதைத் தொட்டுக் காட்டினாள். "இன்னொரு தடவை போக விடமாட்டேன்!"