வாப்பா தேர்ந்த சாரம்

தஞ்சைத் தரணியில் அதனைக் கைலி என்பர். சென்னைப் பட்டணத்தில் லுங்கி என்பர். எங்கள் நெல்லைச் சீமையிலோ அது சாரம். மலாய் மொழியில் 'சாரோங்' என்றால் உறை என்று பொருள். நான்கு முழத் துணி. இரு தலைப்பையும் சேர்த்து மூட்டிவிட்டால் உடலுக்கோர் உறை. இதனை வாங்கவும் ஓர் அறிவு வேண்டுமோ என்று நீங்கள் கேட்கக்கூடும். மேலப்பாளையத்து நெசவாளி ஒருவரின் மகனாகப் பிறந்தும், நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

சென்ற நோன்புப் பெருநாளுக்கு முன்னர் வாப்பாவுக்கென ஒரு சாரம் வாங்கி வந்தேன். விளக்கொளி வெள்ளமிடும் பெரிய கடை. ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. பளபளப்பாக இருந்தது; விலையும் மலிவு. வாப்பாவுக்குக் கண்பார்வை மங்கிப் பல ஆண்டுகள் ஆயின. துணியைக் கையில் வாங்கி, விரல்களுக்கிடையே ஒருமுறை தேய்த்தார். பின் ஓரத்திலிருந்து நூலிழை ஒன்றை உருவி, "தீக்குச்சி இருக்கிறதா வாப்பா?" என்றார்.

நான் கொளுத்தினேன். பருத்தி நூலாயின் காகிதம்போல் மணந்து சாம்பலாக உதிர்ந்திருக்கும். இதுவோ உருகிச் சுருண்டு, கறுத்த மணியாக உறைந்தது. அம்மணியை விரல் நுனியால் உருட்டிப் பார்த்தவர், "நல்லது, வைத்துக்கொள்" என்று மட்டும் சொன்னார். பெருநாள் தொழுகைக்குத் தம் பழைய வேட்டியிலேயே போனார்.

அந்த வேட்டிக்கு ஒரு கதை உண்டு. அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. எனினும் சொல்லித்தான் ஆகவேண்டும். 1984ஆம் ஆண்டு, ஓர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்த புதிது. ஒருநாள் நண்பகலில் வாப்பா எனக்குச் சோறு கொண்டுவந்தார். தறிக்குழியிலிருந்து எழுந்தபடியே, தாமே நெய்த நீலக்கட்டச் சாரத்தோடு வாயிலில் நின்றார். "யாரப்பா அது?" என்று உடன் பணியாற்றிய ஒருவர் இளநகையோடு கேட்டார். "ஊர்க்காரர்" என்றேன். வாப்பாவின் காதில் அது விழுந்ததோ இல்லையோ, நான் கேட்டதில்லை. ஆனால் அன்றுமுதல் வெளியிடம் செல்லும்போதெல்லாம் அவர் வேட்டிதான் உடுத்தார்.

பெருநாள் கழிந்த மறுவாரம் அவரைக் கைப்பிடித்துக் கடைத்தெருவின் பழைய சிறு கடையொன்றுக்கு அழைத்துச் சென்றேன். "வாங்க மாமா" என்று கடைக்காரத் தம்பி பாய் விரித்தார். வாப்பா எதற்கும் அவசரப்படவில்லை. முதல் சாரத்தைக் கசக்கி உதறினார், கஞ்சித்தூள் பறந்தது. "கஞ்சி போனால் இது வலைதான்" என்று ஒதுக்கினார். இரண்டாவதை என்னிடம் நீட்டி, "திருப்பிப் பார், மறுபுறமும் நிறம் ஒன்றுபோல் இருக்கிறதா?" என்றார். இல்லை, அச்சடித்த கட்டம். நெய்த கட்டமாயின் உட்புறம் வெளிப்புறம் என்ற பேதமில்லை. மூன்றாவதின் முனையை ஈரக் கைக்குட்டையால் தேய்க்கச் சொன்னார், கைக்குட்டை சிவந்தது. அறுபதாம் நம்பர் நூல், எண்பதாம் நம்பர் நூல் என்று தொட்ட மாத்திரத்தில் சொல்லிக்கொண்டே போனார். எண் ஏற ஏற இழை மெலியும் என்பதையே அன்றுதான் நான் அறிந்தேன்.

கடல்கடந்து போவதற்கென மடித்த ஒன்றில் மலாய்ச் சொற்கள் இருந்தன: 'காயின் பெலிக்காட்'. பெலிக்காட் என்பது வேறன்று, நம் பழவேற்காடுதான். 1613இல் டச்சுக்காரர் கோட்டை எழுப்பிய அத்துறைமுகத்திலிருந்து கீழ்த்திசைத் தீவுகளுக்குத் துணி போயிற்று. ஊரின் பெயர் அங்கே துணியின் பெயராய் நின்றுவிட்டது. வாப்பாவிடம் இதைச் சொன்னேன். "நான் நெய்தது கொழும்புவரை போயிற்று. யார் உடுத்தார்களோ!" என்றார். 1985ஆம் ஆண்டுச் சட்டம் கைத்தறிக்கென ஒதுக்கிய துணிவகைகளுள் லுங்கியும் ஒன்று. கடைத்தெருவிலே அதைத் தேடத்தான் ஒரு நெசவாளியின் விரல் வேண்டியிருக்கிறது.

ஒரு மணி நேரத்திற்குப் பின் இரண்டைத் தேர்ந்தார், இரண்டும் மூட்டாதவை. என்னை எழுந்து நிற்கச் சொல்லி, ஒன்றை என் இடுப்பிலிருந்து தொங்கவிட்டு, குனிந்து கையால் தடவிப் பார்த்தார். கரண்டைக்கு மேலே நின்றது. "இது உனக்கு" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. பணத்தை எண்ணுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டில் என் மனைவி அன்றிரவே இரண்டையும் மூட்டினாள். என்னுடையதை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். மூட்டிய இடத்தில் ஒரு கட்டம் அரை விரற்கடை விலகியிருந்தது. "பிரித்து மறுபடி மூட்டித் தா" என்றேன்.

"இவ்வளவு காலம் இதெல்லாம் உங்கள் கண்ணில் பட்டதே இல்லையே" என்றாள்.

திண்ணையிலிருந்து வாப்பாவின் குரல் வந்தது: "எந்தப் பக்கம் விலகியிருக்கிறது?"