அந்த 11 நிமிடமும் ஷூ ரேக் மேலிருந்த பெட்டியும்

வழக்கமா சுகர், பிரஷர், கொழுப்புன்னு எழுதுகிற ஆள் இன்னிக்கு வைஃபை ரூட்டரைப் பற்றி எழுதப் போகிறேன். "டாக்டருக்கு எதுக்கு இந்த வேலை?"ன்னு கேட்கத் தோன்றும். படித்துவிட்டுக் கேளுங்கள். கொஞ்சம் நீளமான திரெட்.

நான் இருப்பது பாளையங்கோட்டையில். முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்ன மருத்துவமனை. அங்கே ராத்திரி டூட்டி பார்ப்பது எம்பிபிஎஸ் முடித்து இரண்டு வருஷம் ஆன ஒரு தம்பி. நெஞ்சு வலின்னு யார் வந்தாலும் இசிஜி எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவான். நான் பார்த்துச் சொல்வேன். பல வருஷமா இப்படித்தான் ஓடுகிறது.

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி. (நோயாளியின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) அறுபதை நெருங்கிய ஒருவர், மேல் வயிறு எரியுது, வேர்த்துக் கொட்டுது, "கேஸுக்கு ஒரு ஊசி போடுங்க"ன்னு வந்திருக்கிறார். தம்பி ஊசி போடாமல் இசிஜி எடுத்தான். அங்கேயே அவன் பாஸ். "சார், அனுப்பியிருக்கேன், பாருங்க"ன்னு போனும் பண்ணினான்.

சரியா அந்த நேரம் எங்க தெருவில் கரண்ட் போச்சு.

இன்வர்ட்டர் எடுத்துக்கொண்டது. ஃபேன்கூட நிற்கவில்லை. ஆனால் அந்தக் கண் சிமிட்டும் நேரத்தில் வாசல் பக்கம் இருந்த வைஃபை பெட்டி அணைந்து, மறுபடி முதலிலிருந்து எழ ஆரம்பித்தது. மூணு நிமிஷத்துக்கு மேல் ஆனது. எழுந்த பிறகும் பின்பக்கப் படுக்கையறையில் ஒற்றைக் கோடு சிக்னல். படம் மங்கலா வந்து, நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த அறையில் மொபைலில் பேசலாம், டேட்டா வராது. போனோ அந்த ஒற்றைக் கோட்டை விடவும் மாட்டேன் என்கிறது. கடைசியில் மொட்டை மாடிக்கு ஓடி, வைஃபையை அணைத்து, மழையில் நின்று படத்தைத் திறந்தேன்.

2, 3, ஏவிஎஃப் லீடுகளில் எஸ்டி ஏறி நிற்கிறது. இதயத்தின் கீழ்ச் சுவரில் மாரடைப்பு.

அவன் அனுப்பியது 2.07. நான் திறந்தது 2.18.

மாத்திரைகளைக் கொடுத்து 108-ல் ஏற்றி ஹைகிரவுண்டுக்கு அனுப்பினோம். பிழைத்துவிட்டார். இப்போது மாதாமாதம் செக்கப்புக்கு வருகிறார். ஆனால் நெஞ்சு வலியோடு வந்தவருக்கு 10 நிமிஷத்துக்குள் இசிஜி எடுத்துப் படித்துவிட வேண்டும் என்று ஜூனியர்களுக்குப் பாடம் எடுப்பவன் நான். தம்பி அவன் வேலையை முடித்துவிட்டான். தாமதம் என் வீட்டில்.

மறுநாள் என்ன செய்தேன் தெரியுமா? என் நோயாளிகளை எதற்காகத் திட்டுவேனோ அதையே செய்தேன். டெஸ்ட் எதுவும் இல்லாமல் நேரா மருந்து வாங்கினேன். ஆன்லைனில் நல்ல ஸ்டார் வாங்கிய ரூட்டர் ஒன்று. வந்து பிரித்தால், அது பழைய டெலிபோன் லைன் பிராட்பேண்டுக்கானது! எங்க வீட்டுக்கு வருவதோ, பச்சை முனை வைத்த கண்ணாடி இழை. சொருகவே இடமில்லை. திருப்பி அனுப்பினேன்.

அப்புறமாவது நிறுத்தினேனா? இல்லை. பழைய பெட்டியை "ரீசெட்" பண்ணினால் சரியாகும்னு யாரோ சொல்ல, சிம் எடுக்கும் ஊசியால் பின்னால் இருந்த ஓட்டையில் அழுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை காலை. நெட் மொத்தமா போச்சு.

கூடவே லேண்ட்லைனும். அதுவும் அந்தப் பெட்டியிலிருந்துதான் வருகிறது என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மாவுக்கு 81 வயசு. தினமும் காலை எட்டு மணிக்குப் பெரியம்மா அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவாள். செல்போன் இருவருக்கும் ஆகாது. "ஏய்யா, போன்ல சத்தமே இல்லையே. அக்காவுக்கு என்னமும் ஆயிட்டோ?"ன்னு அம்மா ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு "நான்தான் கெடுத்தேன்"னு சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

செவ்வாய்க்கிழமை ஃபைபர் கம்பெனித் தம்பி வந்தார். அரை மணி நேரம் அவர் எனக்கு வகுப்பே எடுத்தார்.

கம்பெனி கொடுக்கும் அந்த ஒற்றைப் பெட்டிக்குள் இரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். ஒருவர், கண்ணாடி இழையில் வரும் ஒளியை நெட்டாக மாற்றுபவர். ஓஎன்டி என்பார்கள். இன்னொருவர், அந்த நெட்டை வீட்டில் உள்ள போன், டிவி, லேப்டாப்புக்குப் பிரித்துக் கொடுப்பவர். அவர்தான் ரூட்டர். முதல் ஆளைக் கம்பெனி தன் பக்கம் சீரியல் நம்பரோடு பதிந்து வைத்திருக்கும். கடையில் எதையோ வாங்கி அவர் இடத்தில் வைத்தால் லைன் எடுக்காது. மாற்றக்கூடியது இரண்டாவது ஆளைத்தான்.

"சார், பெட்டியை பிரிட்ஜ் மோடில் போட்டுத் தாரேன். வெறும் பாலம் மாதிரி நெட்டை அப்படியே கடத்தி விடும். யூசர்நேம், பாஸ்வேர்டை நீங்க வாங்குற ரூட்டர்ல போட்டுக்கலாம். லேண்ட்லைன் இதுலயே இருக்கட்டும். ஆனா தயவுசெய்து அந்த ஓட்டைல குத்தாதீங்க" என்றார். நான் குத்தியதில் அழிந்தது அந்த யூசர்நேமும் லேண்ட்லைன் செட்டிங்கும்தான். அவர் மறுபடி போட்டதும் போன் அடித்தது. பெரியம்மா!

போகும்முன் அவரே ஒரு டெஸ்ட் செய்து காட்டினார். நான் முதல் நாளே செய்திருக்க வேண்டியது. லேப்டாப்பை ஒயர் மூலம் பெட்டியில் சொருகிப் பார்த்தால் வேகம் 94. கட்டும் பணம் 100-க்கு. அப்போ லைனில் குறை இல்லை. அதே லேப்டாப்பைப் பின் அறைக்குக் கொண்டுபோனால் 3. நடுவில் இரண்டு ஒன்பது இன்ச் சுவர், ஒரு ஸ்டீல் பீரோ. பெட்டி இருந்தது வாசலில், ஷூ ரேக் மேல். கேபிள் எங்கே உள்ளே வருகிறதோ அங்கேயே ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போவதுதான் வழக்கம். நாமும் கேட்பதில்லை.

இன்னொரு கண்டுபிடிப்பு. என் வைஃபை பாஸ்வேர்டு என்னுடைய மொபைல் நம்பர்! மாட்டும்போது போட்டுக் கொடுத்தது, நான் மாற்றவே இல்லை. அந்த நம்பர் என் லெட்டர்பேடில் அச்சடித்து ஊர் பூராவும் இருக்கிறது. நோயாளிகளின் ரிப்போர்ட் வந்து போகும் வீட்டில் இப்படியா? உங்க வீட்டிலும் இன்னிக்கே பாருங்கள். பெட்டிக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டையும் சேர்த்து மாற்றுங்கள். 2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச்சே டெலிகாமின் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு நெட் தடுமாறியது. கம்பெனி தூரத்திலிருந்தே ரூட்டரைப் பராமரிக்க வைத்திருக்கும் வழியைக் குறிவைத்து நடந்த தாக்குதல் அது. பெட்டி நம் வீட்டில் இருக்கிறது என்பதால் கதவு நம் கையில் என்று நினைத்துவிட வேண்டாம்.

இப்போது வீட்டில் இருப்பது இதுதான். பழைய பெட்டி அதே இடத்தில், அதன் வைஃபை மட்டும் ஆஃப். அதிலிருந்து 15 மீட்டர் லேன் கேபிள் ஹால் நடுவிலுள்ள பரணுக்குப் போகிறது. அங்கே புது ரூட்டர், மூவாயிரத்துச் சொச்சம். பின் அறையில் இப்போது 60-க்குக் குறைவதில்லை. கரண்ட்டுக்காக 12 வோல்ட் மினி யுபிஎஸ் இரண்டு, ஒன்று பெட்டிக்கு, ஒன்று ரூட்டருக்கு. ஒன்றுக்கு மட்டும் வாங்கினால் பயனில்லை, இரண்டில் எது அணைந்தாலும் நெட் போய்விடும். வாங்கும்முன் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியரைப் பார்த்து வாங்குங்கள். மருந்தைவிட டோஸ் முக்கியம்.

ஒரு எச்சரிக்கை, டாக்டராக. ஃபைபர் ஒயரைக் கழற்றி அதன் முனையைக் கண்ணருகே வைத்து வெளிச்சம் வருதான்னு பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி. சின்னப் பிள்ளைகளையும் தொட விடாதீர்கள். கூர்மையாக மடக்கினாலும் ஒளி கசிந்து சிக்னல் குறையும்.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் ரூட்டர் வாங்க ஓட வேண்டாம். எங்க தெருவில் மூணு வீட்டில் பார்த்தேன். இரண்டு வீட்டில் கம்பெனிப் பெட்டியையே டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்து எடுத்து ஹாலில் உயரமாக வைத்ததே போதுமாக இருந்தது. செலவு, டீ வாங்கிக் கொடுத்தது மட்டும். முதலில் ஒயரில் போட்டுப் பாருங்கள். அதிலும் வேகம் இல்லையென்றால் குறை லைனில், கம்பெனியைத்தான் கூப்பிட வேண்டும். எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலும் அப்படியே. பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அது கம்பெனியின் சொத்து, இணைப்பை நிறுத்தும்போது கேட்பார்கள்.

போன வாரம் ராத்திரி மறுபடி கரண்ட் போச்சு. பத்து நிமிஷம் கழித்து தம்பியிடமிருந்து ஒரு இசிஜி. படுக்கையில் இருந்தபடியே திறந்தேன். உடனே விரிந்தது. லீடு ஒன்றில் எல்லாம் தலைகீழ்.

"தம்பி, பதறாத. வலது கை, இடது கை ஒயரை மாத்திப் போட்டிருக்க. சரி பண்ணி இன்னொன்னு எடு."

"சாரி சார்" என்றான். இரண்டாவது படம் ஒரு நிமிஷத்தில் வந்தது. நார்மல்.