மார்பிளுக்கு மஞ்சள் பூசிப் பார்த்தேன்

அன்புள்ள தோழி,

நலமா என்று நாலு வரி எழுதிவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வர எனக்குப் பொறுமை இல்லையடி. கிள்ளானில் காப்பார் சாலைப் பக்கம் வாங்கிய வீட்டுக்குச் சாவி கைக்கு வந்துவிட்டது. ஈப்போவில் உனக்கும் சீக்கிரம் சாவி கிடைக்கப் போகிறதே, அதனால் இதை அடுப்பில் எதையாவது வைத்துவிட்டுப் படிக்காதே. வம்பும் இருக்கிறது, உருப்படியான சங்கதியும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துத் தர என்னால் ஆகாது.

முதலில் வம்பு. எங்கள் வரிசையில் கோடி வீட்டுக்காரி (உனக்குத் தெரிந்தவள்தான், பள்ளியில் நமக்கு இரண்டு வகுப்பு மேலே) சாவி வாங்கிய வாரமே ஆள் வைத்துக் கீழ்மாடி டைல்ஸ் முழுவதையும் உடைத்துப் போட்டாள். இத்தாலி மார்பிள் போடுகிறாளாம். உடைத்து முடித்த பிறகுதான் தெரிந்தது, மாடிக் குளியலறையிலிருந்து ஹாலுக்குள் தண்ணீர் சொட்டுகிறது. டெவலப்பரிடம் போய் நின்றால், “நீங்கள்தான் உடைத்து வேலை செய்திருக்கிறீர்களே” என்று கைவிரித்துவிட்டார்கள். இப்போது மார்பிள் பெட்டிகள் வாசலில் மழையில் கிடக்கின்றன. அவள் வீட்டுக்காரர் மாமாக் கடையில்தான் சாப்பிடுகிறார் என்று கேள்வி.

நாங்கள் எதற்கும் கை வைக்கவில்லை. சாவி கொடுத்த நாளிலிருந்து 24 மாதத்துக்கு வீட்டில் தெரியும் குறைகளுக்கு டெவலப்பர்தான் பொறுப்பு. எழுதிக் கொடுத்தால் 30 நாளுக்குள் சரி செய்ய வேண்டும். தரை வீடு என்றால் விலையில் 5 விழுக்காடு வக்கீலிடம் நிற்கும். பாதி எட்டு மாதம் கழித்து, மீதி 24 மாதம் கழித்துத்தான் டெவலப்பர் கைக்குப் போகும். அந்தப் பணம் அங்கே நிற்கிற வரைக்கும் நம் பேச்சுக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. அதற்கும் மசியவில்லை என்றால் வீடு வாங்குவோருக்கான நடுவர் மன்றம் இருக்கிறது, 50,000 வெள்ளி வரை வக்கீல் இல்லாமலே கேட்கலாம்.

ஆகவே முதல் வேலையாக ஆளுக்கொரு ஐம்பது காசை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து டைல்ஸைத் தட்டினோம். அடியில் சிமெண்டு நிறைவாக இருந்தால் சத்தம் அடங்கிக் கேட்கும். காற்று இருந்தால் ‘டங்’கென்று எதிரொலிக்கும், அதுதான் பிறகு வெயில் நாளில் திடீரென்று மேலே கிளம்பி உடைகிற டைல்ஸ். மகன் நீல டேப் ஒட்டிக்கொண்டே வந்தான். மாலைக்குள் ஹாலில் பாதி நீலமாகிவிட்டது. குளியலறைத் தரையில் வாளி நீரை ஊற்றி, எந்த மூலையில் தேங்குகிறது என்றும் பார்த்தோம். எல்லாவற்றையும் படம் எடுத்துக் கடிதத்தோடு கொடுத்தோம். வந்து மாற்றிவிட்டுப் போனார்கள், முணுமுணுத்துக்கொண்டுதான்.

இனி என் செல்லக் கதை. சமையல் மேடைக்கு என்ன கல் என்று வீட்டில் ஒரு மாதம் சண்டை. இவருக்கு வெள்ளை குவார்ட்ஸ். மகளுக்கு மார்பிள், இன்ஸ்டாகிராமில் பார்த்தாளாம். கடையில் விளக்கு வெளிச்சத்தில் எல்லாமே அழகுதான், அங்கே யாரும் மீன் கறி வைப்பதில்லையே. தௌக்கேயிடம் கெஞ்சி ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வாங்கி வந்து வரிசையாக வைத்தேன். மஞ்சளை எண்ணெயில் குழைத்து ஒரு ஓரம், புளிக்கரைசல் ஒரு ஓரம், எலுமிச்சை மூடி ஒரு ஓரம். இரவெல்லாம் அப்படியே விட்டேன். காலையில் மார்பிளில் புளியும் எலுமிச்சையும் இருந்த இடம் பளபளப்பு செத்து மங்கிப் போயிருந்தது. அது கறை இல்லை, தேய்த்தால் போக. மார்பிள் சுண்ணாம்பு வகைக் கல், புளிப்பு அதைத் தின்றுவிடும். வெள்ளை குவார்ட்ஸைக் கழுவின பிறகும் மஞ்சள் நிழல் விழுந்திருந்தது. வெயிலில் வைத்ததும் நாளடைவில் வெளுத்துவிட்டது. ஆனால் அதில் பிசின் கலந்திருப்பதால் தாளித்த சட்டியை நேராக இறக்கி வைக்க முடியாது. நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு மனைப்பலகை தேடுகிற ஆளா? கறுப்பு கிரானைட் துண்டில் எங்கே புளி வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பின்கட்டு அடுப்படிக்குக் கறுப்பு கிரானைட். முன்னால் இருக்கும் ‘டிரை கிச்சன்’ என்ற காட்சிப் பொருளுக்கு இவருடைய குவார்ட்ஸ். அங்கே மைலோ கலக்குவதைத் தவிர வேறு எதுவும் நடக்கப் போவதில்லை.

டைல்ஸ் விஷயத்தில் பளபளப்பைப் பார்த்து மயங்காதே. பெட்டியில் ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்று போட்டிருக்கும், எண் கூடக் கூட வழுக்காது. குளியலறைக்கும் கார் நிறுத்தும் இடத்துக்கும் ஆர் 11 கேள். நம் மாலை மழை தெரியுமே, சாரல் உள்ளே வந்தால் பளபள டைல்ஸில் எங்கள் வீட்டு அத்தையின் கதி என்ன? இன்னொன்று, எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண்ணா என்று பார்த்து, நாலு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் போட்டுவிடு. இரண்டு வருடம் கழித்து ஒன்று உடைந்தால் அதே நிறம் கிடைக்காது.

கபினெட்டைப் பற்றிக் கேள். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது நினைவிருக்கிறதா? என் சித்தி மகள் வீடு அங்கேதான். தண்ணீர் வடிந்த பிறகு சுத்தம் செய்யப் போனோம். மரத்தூள் பலகையில் செய்த கபினெட், கையால் அழுத்தினால் ஊறின பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. கதவு மட்டும் கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அழக்கூட நேரமில்லை, அள்ளி அள்ளி வாசலில் கொட்டினோம். அதைப் பார்த்தவளுக்கு, இடுப்புக்குக் கீழே தண்ணீரில் ஊறுகிற எதையும் வைக்க மனம் வருமா? கீழ்க் கபினெட்டுக்குச் செங்கல் கட்டி டைல்ஸ் ஒட்டிவிட்டோம், கதவு அலுமினியம். மேல் கபினெட் மட்டும் பிளைவுட். பிளக் எல்லாவற்றையும் உயர்த்தி வைக்கச் சொன்னேன். கொன்ட்ராக்டர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

சாமி மேடைக்கு விளக்கு வாங்க பிரிக்பீல்ட்ஸ் போனபோது அத்தையும் வந்தார். அவர் பிறந்தது அங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில். சிவப்புச் சிமெண்டுத் தரை, நாக்கோ ஜன்னல், அவ்வளவுதான், யாரும் ஷோரூம் ஏறவில்லை என்றார். அந்த வட்டாரமே செங்கல் சூளைகளாக இருந்த இடம். 1881இல் கோலாலம்பூரில் ஒரே ஆண்டில் தீயும் வெள்ளமும் வந்து மர வீடுகளும் அத்தாப்புக் கூரைகளும் போயின. பிறகு பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஸ்வெட்டன்ஹாம் செங்கல்லும் ஓடும் வைத்துத்தான் கட்ட வேண்டும் என்று உத்தரவு போட, சீனர் தலைவர் யாப் குவான் செங் அங்கே சூளை வைத்தார். அன்றைக்கும் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் எதை வைத்துக் கட்டுவது என்று முடிவு செய்தது தண்ணீரும் நெருப்பும்தான். இதை அத்தையிடம் சொன்னதும் என் செங்கல் கபினெட்டுக்கு அவர் ஆதரவு கிடைத்துவிட்டது, இவர் வாய் மூடியது.

மாடிப்படிக்கு ரப்பர் மரம் போட்டோம். என் பாட்டி பால் மரம் சீவின காலத்தில் பால் வற்றிய மரத்தை வெட்டி எரித்தார்கள், பூச்சி அரித்துவிடும் என்று. இப்போது மருந்து ஏற்றிப் பதப்படுத்தி, மூவாரில் அதில் மேசை நாற்காலி செய்து உலகமெல்லாம் அனுப்புகிறார்கள். வெளிர் நிறம், நல்ல வழவழப்பு. ஆனால் மழை படுகிற இடத்துக்கு அது ஆகாது, வெளிவாசலுக்குச் செங்கால் மரம்தான்.

அந்த வாசலில்தான் கடைசிச் சண்டை. டெவலப்பர் வைத்தது இரும்புச் சட்டக் கதவு, கீழே நிலைப்படியே இல்லை. மஞ்சள் குங்குமம் எங்கே வைப்பது, தோரணம் கட்ட ஆணி எங்கே அடிப்பது என்று அத்தை கேட்டார். நியாயம்தானே? செங்கால் நிலை ஒன்று செய்து மாட்டினோம், இரண்டு பக்கமும் கொக்கி வைத்து. சாமி மேடைக்குப் பின்சுவரில் பெயிண்ட் வேண்டாம், டைல்ஸ் ஒட்டு. விளக்குப் புகையைத் துடைத்துவிடலாம்.

வரும் மாதம் பால் காய்ச்சுகிறோம், நீ வராவிட்டால் பேச மாட்டேன். அதற்கு முன் ஒன்று செய். கபினெட் தௌக்கே கொடுத்த விலைப்பட்டியலில் ‘போர்டு’ என்று மட்டும் போட்டிருந்தால் முன்பணம் கட்டாதே. என்ன போர்டு என்று எழுதி வாங்கி, படம் எடுத்து எனக்கு அனுப்பு.

உன் பிரியமுள்ள,
கிள்ளான்காரி