நான் போட்ட கையெழுத்து

பயிற்சியை முழுதாக முடிக்காத ஒருவருக்கு, முடித்துவிட்டார் என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை. நான் காசு எதுவும் வாங்கவில்லை. இரக்கப்பட்டுச் செய்தேன் என்றுதான் வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மைகூட இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பக்கத்தில் ஒரு சமுதாயக் கல்லூரியில் மாலை வகுப்பு எடுத்துவந்தேன். பகலில் கெமிக்கல் இன்ஜினீயர் வேலை. அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி என்றதும் நம் ஊர்க் கலைக் கல்லூரியை நினைத்துக்கொள்ளக் கூடாது. அது அந்தந்த வட்டாரத்து மக்களுக்கென்று நடப்பது. கட்டணம் குறைவு, சேர்வதற்குப் பெரிய தடை கிடையாது. பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டை அங்கே முடித்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள் உண்டு. வெல்டிங், நர்சிங், தீயணைப்பு என்று தொழில் கற்று நேரே வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. ஐம்பது வயதில் வேலை போனவர், பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு மறுபடி படிக்க வந்த அம்மா என்று பலதரப்பட்டவர்கள் என் வகுப்பில் இருந்தார்கள். ராணுவத்திலும் கடற்படையிலும் இருந்துவிட்டு வந்தவர்கள் எப்போதும் கணிசமாக இருப்பார்கள். படையிலிருந்து திரும்பியவர்களின் படிப்புச் செலவை அரசு ஏற்கும் ஏற்பாடு 1944 முதல் அந்த நாட்டில் இருந்துவருகிறது.

அந்த வட்டாரத்தில் என் வகுப்புக்குத் தேவை இருந்ததற்குக் காரணம், மூடப்பட்ட படைத்தளங்கள். வலேஹோவில் மேர் தீவுக் கப்பல்தளம் 1854ல் தொடங்கியது, 1996ல் மூடினார்கள். அலமேடா கடற்படை விமானத் தளத்தை 1997ல் மூடினார்கள். தெற்கே மான்டெரே பக்கத்து ஃபோர்ட் ஓர்ட் முகாம் 1994லேயே போய்விட்டது. பனிப்போர் முடிந்தது, தளங்கள் வேண்டாம் என்றார்கள், வேலைகள் போயின. மண்ணுக்குள் இறங்கியவை மட்டும் அங்கேயே இருந்தன: நிலத்தடித் தொட்டிகளிலிருந்து கசிந்த எரிபொருள், இயந்திரப் பாகங்களில் ஒட்டிய கிரீஸைக் கழுவிய கரைப்பான்கள், கப்பல் குழாய்களில் சுற்றியிருந்த ஆஸ்பெஸ்டாஸ், பயிற்சித் திடல்களில் வெடிக்காமல் புதைந்துபோன குண்டுகள். இவற்றை எடுத்துச் சுத்தம் செய்வது பல பத்தாண்டு வேலை. அந்தத் தளங்களில் ஒரு காலத்தில் பணிபுரிந்தவர்களே இப்போது அந்த மண்ணைத் தோண்டும் வேலைக்கு என்னிடம் படிக்க வந்தார்கள்.

வேலைக்குச் சேர அவர்களுக்கு வேண்டியது ஹாஸ்வோப்பர் சான்றிதழ். ஆபத்தான கழிவு கிடக்கும் இடங்களில் வேலை செய்பவர்களுக்குப் பயிற்சி கட்டாயம் என்று 1986ல் சட்டம் வந்தது. தொழிலிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஓஷா அதை 1989ல் விரிவான விதியாக வெளியிட்டது. 40 மணி நேரம் பயிற்சி, அதன் பிறகு வேலையிடத்தில் அனுபவமுள்ள மேற்பார்வையாளரின் கண்ணெதிரே 3 நாள், பிறகு ஆண்டுதோறும் 8 மணி நேரம் புதுப்பித்தல். நச்சியல், சட்டம், வாயு அளக்கும் கருவி, மூடிய தொட்டிக்குள் இறங்கும் முறை என்று 40 மணி நேரமும் நிறைந்திருக்கும். இவற்றில் எதையும் புத்தகத்தைப் பார்த்து ஓரளவு ஒப்பேற்றிவிடலாம். மாஸ்க் நாளை மட்டும் ஒப்பேற்ற முடியாது.

மாஸ்க் என்று நான் சொல்வது கொரோனா காலத்தில் நாம் கட்டிக்கொண்ட துணி இல்லை. ரப்பர் முகப்பகுதியும் இரு பக்கமும் திருகி மாட்டும் கார்ட்ரிட்ஜும் கொண்ட சுவாசக் கவசம். முகத்தில் அது சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரு சோதனை இருந்தது. பெரிய பிளாஸ்டிக் உறையை ஒரு வளையத்தில் கவிழ்த்துத் தொங்கவிடுவோம். மாணவர் மாஸ்க்கோடு அதற்குள் போய் நிற்பார். வாழைப்பழ மணம் வீசும் ஒரு திரவத்தில் நனைத்த காகிதத்தை அவர் கையில் கொடுப்போம். உள்ளே இருக்கும் கொக்கியில் மாட்டிக்கொள்வார். முதலில் சாதாரணமாக மூச்சு விட வேண்டும், பிறகு ஆழமாக. தலையை இடம் வலம் திருப்ப வேண்டும், மேலும் கீழும் அசைக்க வேண்டும். ஒரு பத்தியை உரக்கப் படிக்க வேண்டும், குனிந்து நிமிர வேண்டும். எந்த நிமிடத்திலாவது பழ வாசனை வந்தால் மாஸ்க் ஒழுகுகிறது என்று பொருள். ஒரு நாள் தாடி மழிக்காமல் வந்தாலே பலருக்கு வாசனை வந்துவிடும். உள்ளே நிற்கிறவர் சட்டென்று கையைத் தூக்குவார். முகத்தில் ஒரு திகைப்பு தெரியும். ரப்பர் விளிம்புக்கும் தன் தோலுக்கும் நடுவே இருக்கிற மயிரிழை இடைவெளிதான் தன்னைக் காக்கிறது அல்லது கெடுக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைக்கும். பத்து மணி நேரம் பேசினாலும் அதை என்னால் உறைக்க வைக்க முடியாது.

அதே நாளில்தான் கார்ட்ரிட்ஜ் பாடமும், உடை கழற்றும் வரிசையும். வேலையை விட்டு வெளியே வரும்போது முதலில் வெளிப்பூட்ஸையும் வெளிக்கையுறையையும் கழுவிக் கழற்ற வேண்டும், பிறகு மேலுடை, அதற்குப் பிறகே மாஸ்க், கடைசியில் உள்கையுறை. வரிசை மாறினால், வெளியே நிறுத்த வேண்டிய நஞ்சைத் தன் கையாலேயே முகத்தில் பூசிக்கொள்வார்கள்.

நான் சொல்ல வந்த மாணவர் அந்த நாள் வரவில்லை.

கடற்படையில் பல ஆண்டு இருந்தவர், நாற்பதைத் தாண்டியவர். படைப்பழக்கத்தில் யாரையும் 'சார்' என்றுதான் கூப்பிடுவார். வகுப்பில் முதல் வரிசை, கேள்வி கேட்பார், தேர்வில் நல்ல மதிப்பெண். முன்னாள் படையினர் மருத்துவமனையில் வெகுநாள் காத்திருந்து கிடைத்த முதுகு சிகிச்சை நேரம் அந்த நாளில் விழுந்துவிட்டது. விட்டுப்போனதை அடுத்த அணியோடு சேர்ந்து செய்யலாம். அதற்கு இன்னும் பல வாரம் இருந்தது. அவரை எடுத்துக்கொள்ளத் தயாராயிருந்த ஒப்பந்தக்காரர் வரும் திங்கள்கிழமையே சான்றிதழோடு வரச் சொல்லியிருந்தார்.

"சார், எனக்கு இந்த வேலை வேணும். கப்பல்ல மாஸ்க் போட்டுப் பழக்கம் இருக்கு."

நான் யோசித்ததாகக் காட்டிக்கொண்டேன். உண்மையில் அவர் வாய் திறக்கும் முன்பே முடிவு செய்துவிட்டேன். வருகைப் பதிவேட்டில் அந்த நாளுக்கு எதிரே டிக் போட்டேன். சான்றிதழில் 40 மணி நேரம் என்று அச்சாகியிருந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இரக்கம் இருந்தது, மறுக்கவில்லை. கூடவே மற்றவையும் இருந்தன. எங்கள் வகுப்பு மானியத்தில் நடந்தது. படித்தவர்களில் எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள் என்ற கணக்கை வைத்துத்தான் மானியம் தொடரும். அந்தக் கணக்கில் இவர் ஒரு தலை. அது ஒன்று. இன்னொன்று, என்னால் வேலை கிடைத்தது என்று நாலு பேர் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது. அவர்கள் அனுப்பிய நன்றி அட்டைகளை மேசை மேல் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தேன். மூன்றாவதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. தன் நாட்டுக்காகக் கடலில் ஆண்டுகளைக் கழித்துவிட்டு வந்தவரிடம், வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறிய நான், என் உச்சரிப்பில், 'முடியாது, உங்களுக்கு இன்னும் தகுதி வரவில்லை' என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவர் என்னை அப்படி ஒருபோதும் நடத்தியதில்லை. பயம் முழுக்க என்னுடையது.

இத்தனைக்கும் அதே பருவத்தில் ஹன்டர்ஸ் பாயின்ட் விவகாரத்தை வகுப்பில் பாடமாக நடத்தியிருந்தேன். சான் பிரான்சிஸ்கோவின் அந்தப் பழைய கப்பல்தளத்தில் கதிரியக்க மாசு அகற்றும் பணி நடந்தது. சந்தேகத்துக்குரிய இடத்து மண் என்று சொல்லி, சுத்தமான இடத்து மண்ணைச் சோதனைக்கு அனுப்பி ஆவணங்களைப் பொய்யாக நிரப்பியதற்காக, ஒப்பந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளர்கள் இருவருக்கு 2018ல் தலா 8 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. "பொய்க் கையெழுத்தால் ஒரு வட்டாரமே இன்று தன் மண்ணை நம்ப முடியாமல் தவிக்கிறது" என்று கரும்பலகையைத் தட்டிப் பேசியவன் நான். சொன்னதை நம்பித்தான் சொன்னேன். நான் டிக் போட்டபோது அது என் நினைவுக்கே வரவில்லை.

சில மாதம் கழித்து ஒரு மதியம் அவரிடமிருந்து போன் வந்தது. பழைய எரிபொருள் தொட்டி ஒன்றைத் தோண்டி எடுக்கும் இடத்திலிருந்து, சாப்பாட்டு இடைவேளையில் பேசினார்.

"சார், ஒரு சின்ன சந்தேகம். மாஸ்க் போட்டிருக்கும்போதே லேசா பெட்ரோல் வாடை வருது. அது சகஜம்தானே?"

எப்போதிருந்து என்று கேட்டேன். காலையிலிருந்து என்றார். நேற்றும் கொஞ்சம் வந்ததாம்.

எனக்கு உடம்பு சில்லிட்டது. வாடை வந்த அந்த நொடியே வேலையை விட்டு வெளியேற வேண்டும் என்பதுதான் மாஸ்க் நாளின் முதல் பாடம். கார்ட்ரிட்ஜை எப்போது மாற்றுவீர்கள் என்று கேட்டேன். மூச்சு இழுக்கச் சிரமமானால் மாற்றுவேன் என்றார். தூசு வடிகட்டிக்கு அது சரி. ஆவியைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது கரி. அந்தக் கரி நிறைந்து ஆவியை உள்ளே விடத் தொடங்கிய பிறகும் மூச்சு முன்போலவே இலகுவாக வரும். அதனால்தான் இத்தனை மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று அட்டவணை போட்டுக் கொடுக்கிறார்கள். அவர் வேலையிடத்திலும் ஒன்று மாட்டியிருந்தது. அது எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. பெட்ரோலில் பென்சீன் உண்டு. ரத்தப் புற்றுநோய் தரக்கூடியது. எட்டு மணி நேரச் சராசரியாகக் காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது என்பது ஓஷா விதி. பென்சீனின் வாடை மூக்குக்கு எட்டும்போது பெரும்பாலும் அந்த அளவு தாண்டியிருக்கும்.

வேலை கொடுத்தவர்கள் தங்கள் மாஸ்க்கை அவர் முகத்தில் பொருத்திச் சோதித்துத்தான் அனுப்பினார்கள். மற்றதெல்லாம் அவர் கற்றுக்கொண்டு வந்திருப்பார் என்று என் கையெழுத்தைப் பார்த்து நம்பினார்கள். அங்கே யாரும் தனியாக உள்ளே போவதில்லை. இரண்டிரண்டு பேராகத்தான் போக வேண்டும், ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்ள வேண்டும். அவரோடு ஜோடியாகப் போனவரும், முகம்கூடத் தெரியாத என்னை நம்பித்தான் போயிருக்கிறார்.

மறுபடி உள்ளே போகாதீர்கள், மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள் என்றேன். அப்படியே செய்தார். அதோடு உண்மையையும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை அவரைக் கல்லூரிக்கு வரவழைத்து, விட்டுப்போன நாள் முழுவதையும் தனியாகச் சொல்லிக்கொடுத்தேன். சான்றிதழில் தேதி பழையதுதான். பதிவேட்டில் டிக் அப்படியே. தவறைச் சரிசெய்துவிட்டேன் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். கையெழுத்துப் போட்டதைவிட இந்த மறைப்பு பெரிய குற்றம் என்று இன்று நினைக்கிறேன். முதலாவது அவசரத்தில் நடந்தது. இரண்டாவதைத் திட்டமிட்டுச் செய்தேன்.

அந்தச் சனிக்கிழமை அவர் சொன்னதுதான் என்னை விடவில்லை. உறைக்குள் நின்று, பழ வாசனை வந்து, கையைத் தூக்கி, வெளியே வந்து மாஸ்க்கைக் கழற்றினார். "நீங்க கையெழுத்துப் போட்டதால எனக்கு இதெல்லாம் தெரியும்னு நானே நம்பிட்டேன் சார்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

ஒப்பந்தக்காரரை ஏமாற்றினேன், ஓஷாவை ஏமாற்றினேன் என்றுதான் அதுவரை கணக்குப் போட்டிருந்தேன். ஏமாந்தவர்களில் முதல் ஆள் அவர். கப்பலில் மாஸ்க் போட்ட பழக்கத்தை அவர் முதலில் பெரிதாகச் சொன்னாலும், உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்திருக்கும். அதனால்தானே என்னிடம் வந்து கேட்டார். அந்தச் சந்தேகம் அவருக்குத் துணையாக இருந்திருக்க வேண்டியது. என் கையெழுத்து அதை எடுத்துவிட்டது.

கல்லூரியில் பொறுப்பில் இருந்தவரிடம் பிறகு எழுதிக் கொடுத்தேன். பிறகு என்றால், உடனே அல்ல. அந்தப் பருவம் முடிந்து, அடுத்த மானியமும் வந்த பிறகு. அந்த மாணவருடைய சான்றிதழை ரத்து செய்தார்கள். பயிற்சியைத் திரும்ப எடுக்கும்வரை அவர் வேலையில்லாமல் இருக்க நேர்ந்தது. அந்த நாட்களின் சம்பளத்தை யாரும் அவருக்குத் தரவில்லை. என் பிழைக்கு அவர் கூலி இழந்தார். இப்போது வேறு ஊரில், இதே தொழிலில் இருக்கிறார், என்னிடம் பேசுவதில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று மற்ற மாணவர்கள் சொல்கிறார்கள். பென்சீன் செய்யும் கேடு ஆண்டுகள் கழித்தும் வெளிப்படலாம் என்பதை நானே வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அந்த வகுப்பு இப்போது என்னிடம் இல்லை. என்னிடம் இருக்கக் கூடாது என்பது சரியான முடிவு.

தமிழில் இதை எழுதக் காரணம் உண்டு. நம் ஊர்களில் ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோ என்று பலகை மாட்டிய பயிற்சி நிலையங்கள் பல இருக்கின்றன. வளைகுடா நாடுகளின் எண்ணெய் ஆலைகளுக்கும் கட்டுமான இடங்களுக்கும் போகிற பிள்ளைகள் அங்கே படித்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள். அங்கே சொல்லிக்கொடுக்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: மாஸ்க்கைத் தன் முகத்தில் மாட்டிப் பார்க்காத பிள்ளைக்குச் சான்றிதழ் கொடுக்காதீர்கள், ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லுங்கள். படிக்கிற பிள்ளைகளே, விட்டுப்போன நாளைக் கேட்டு வாங்குங்கள். "பரவாயில்லை தம்பி, நான் போட்டுத் தர்றேன்" என்று எந்த வாத்தியார் சொன்னாலும் அந்தத் தாளை வாங்காதீர்கள்.